அறிதிறனும் முன்னுக்குப்பின் முரணில்லாத பண முடிவுகளும்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோர ஊர்களில் வீட்டு வரவுசெலவுக் கணக்கெடுப்புக்குப் போகும் கல்லூரி மாணவர்களும் மகளிர் குழுப் பொறுப்பாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பதில் சொல்லும் மீனவக் குடும்பங்கள் எங்களிடம் திருப்பிக் கேட்டவையும் இதில் உண்டு. கேள்விகள் கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே இருக்கின்றன.

முரணில்லாம முடிவெடுக்கிறதுன்னா என்ன? நல்ல லாபம் வர்ற மாதிரி முடிவெடுக்கிறதா?

இல்லை. லாபத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒருவருடைய ஒரு முடிவு, அவரே எடுத்த இன்னொரு முடிவோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. மற்றவரோடு ஒப்பிடுவதே இல்லை.

மீன் வாங்குவதை வைத்துப் பார்க்கலாம். வீட்டு விசேஷத்துக்கு மீன் எடுப்பவர் கையில் 250 ரூபாய். முதல் நாள் சூடை கிலோ 50, காரல் கிலோ 100. அவர் 1 கிலோ சூடையும் 2 கிலோ காரலும் எடுக்கிறார். அடுத்த முறை விலை தலைகீழ்: சூடை 100, காரல் 50. கையில் அதே 250. இப்போது 2 கிலோ சூடையும் 1 கிலோ காரலும் எடுக்கிறார். இரண்டு முறையும் பணம் சரியாகத் தீர்ந்துவிட்டது, பார்க்க ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டாவது முறை எடுத்த கூட்டை முதல் நாளே 200 ரூபாய்க்கு வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு முதல் கூட்டை எடுத்தார் என்றால் முதல் கூட்டுதான் அவருக்குப் பிடித்தம். இரண்டாவது நாள் அந்த முதல் கூட்டு 200 ரூபாய்க்குக் கிடைத்தது, அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தார். இது அதைவிட உசத்தி, அது இதைவிட உசத்தி என்று இரண்டையும் அவர் செயலே சொல்கிறது. அதைத்தான் முரண் என்கிறோம்.

பேச்சைக் கேட்காமல் வாங்கியதை வைத்து விருப்பத்தைப் படிக்கும் இந்த வழியை 1938-ல் தொடங்கிவைத்தவர் பொருளியலாளர் பால் சாமுவேல்சன். 1967-ல் சிட்னி அஃப்ரியாட்டும் 1982-ல் ஹால் வேரியனும் அதைக் கணக்கிட்டுச் சோதிக்கக்கூடிய முறையாக ஆக்கினார்கள்.

அப்ப வருமானம் கம்மியான வேலையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவர் தப்பா முடிவெடுக்கலையா?

அந்த ஒன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பங்குக்குக் கடலுக்குப் போனால் கூடுதலாக வரலாம், சில நாள் ஒன்றுமே வராது. கரையில் தினக்கூலி குறைவு, ஆனால் நிச்சயம். ஒருவர் கூலியைத் தேர்ந்தெடுத்தால் நிச்சயத்துக்கு அவர் விலை கொடுக்கிறார், அவ்வளவுதான். கடல்பாசி வளர்க்கும் மிதவை போடாமல் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் இதே பதில். விருப்பம் எதுவாகவும் இருக்கலாம். அது இடத்துக்கு இடம் காரணமில்லாமல் புரண்டால்தான் முரண்.

அறிதிறன்னு எதை அளக்கிறீங்க? பத்தாங்கிளாஸ் மார்க்கா?

மார்க் இல்லை. பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, ரேவன் வடிவப் புதிர்: வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும், எழுத்தறிவு தேவையில்லை. இரண்டு, எண்களைக் கேட்டு அதே வரிசையில் திருப்பிச் சொல்வது. மூன்று, 2005-ல் ஷேன் ஃபிரெடெரிக் வெளியிட்ட மூன்று கேள்விகள். அதில் ஒன்று நம் ஊர்ப்படி: மீன்பிடி நரம்பும் தூண்டிலும் சேர்த்து 110 ரூபாய், நரம்பு தூண்டிலைவிட 100 ரூபாய் அதிகம், தூண்டில் என்ன விலை? 10 என்றுதான் முதலில் வாயில் வரும். சரியான விடை 5. முதலில் தோன்றியதை நிறுத்தி ஒரு தடவை சரிபார்க்கும் பழக்கம் இருக்கிறதா என்பதை இது பார்க்கிறது.

ஒரு எச்சரிக்கை. ஏலக்கூடத்தில் மனக்கணக்காகக் கூறு விலையைப் பிரித்துச் சொல்லும் அம்மா, தாளில் அதே கணக்கைக் கொடுத்தால் திணறலாம். பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் சிறுவர்களிடம் 1985-ல் வெளியான ஆய்வில், விற்பனையின்போது சுமார் 98 சதவீதம் சரியாகச் சொன்னவர்கள், அதே வகைக் கணக்கை வெறும் எண்ணாகத் தந்தபோது சுமார் 37 சதவீதம்தான் சரியாகச் செய்தார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் நடந்து 2025-ல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. அதே ஆய்வில், பள்ளிக்கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக்கணக்கில் தடுமாறினார்கள். ஆகவே தாள் சோதனையில் வந்த எண்ணை அந்த ஆளின் புத்திக்கான எண்ணாக எழுதாதீர்கள்.

சுத்தி வளைக்காமச் சொல்லுங்க. புத்தி கூடினா முரண் குறையுமா?

சராசரியில் குறைகிறது. ஆளுக்கு ஆள் பார்த்தால் விதிவிலக்கு ஏராளம். 2014-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இதில் முக்கியமானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆளுக்கு 25 முறை, இரண்டு கணக்குகளில் பணத்தைப் பிரித்துப் போடும் வேலை தரப்பட்டது. படித்தவர்கள், வருமானம் கூடியவர்கள், இளையவர்கள் முரண் குறைவாக இருந்தார்கள். முரணின்மை அளவு ஒரு படி, அதாவது ஒரு திட்டவிலக்கம், கூடினால் குடும்பச் சொத்து 15 முதல் 19 சதவீதம் கூடியிருந்தது. வருமானம், படிப்பு போன்றவற்றைக் கழித்த பிறகும் இந்தத் தொடர்பு நின்றது. அமெரிக்காவில் படைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் செய்த ஆய்விலும், கணக்கில் தேர்ந்தவர்கள் கடன் அட்டையில் வீண் வட்டி கட்டும் தவறைக் குறைவாகவே செய்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2020-ல் வெளியான ஒரு ஆய்வில், ஒரு எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டே பணத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். அந்தச் சுமையால் புதிர்க் கேள்விகளில் மதிப்பெண் இறங்கியது. பணத் தேர்வுகளின் முரணின்மை இறங்கவில்லை. தலையில் தற்காலிகமாகப் பாரம் ஏறுவதும் ஒருவருடைய நிலையான திறனும் வேறு வேறு என்று கொள்வதே நியாயம்.

புத்தி கம்மியானவங்க ரிஸ்க் எடுக்கப் பயப்படுவாங்கன்னு படிச்சோமே?

2010-ல் ஜெர்மனியில் சுமார் ஆயிரம் பேரிடம் எடுத்த ஆய்வு அப்படித்தான் சொன்னது: அறிதிறன் மதிப்பெண் குறைந்தவர்கள் ஆபத்தைத் தவிர்த்தார்கள், பொறுமையும் குறைவு. அதை அப்படியே நம் ஊர்க் குடும்பங்கள் மேல் ஒட்டிவிடுகிறார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும்.

ஆபத்து மனப்பான்மையை அளக்கும் தாளில் பத்து வரி இருக்கும். ஒவ்வொரு வரியிலும் பத்திரமான 'அ', துணிச்சலான 'ஆ'. வரி இறங்க இறங்க 'ஆ'வில் பெரிய பரிசு விழும் வாய்ப்பு கூடும். ஆபத்தைப் பற்றிக் கவலையே இல்லாதவர் முதல் 4 வரியில் 'அ', பிறகு 'ஆ' என்று மாறுவார். ஒன்றும் புரியாமல் கண்ணை மூடி டிக் அடிப்பவருக்குச் சராசரியாக 5 'அ' வரும். நான்கைவிட ஐந்து கூடுதல் என்பதால் அவர் 'பயந்தவர்' என்று பதிவாகிறார். அவர் பயப்படவில்லை, குழம்பியிருக்கிறார். தாளை மாற்றியமைத்து, கவலையில்லாதவர் மாறும் இடத்தை எட்டாவது வரிக்குத் தள்ளினால், அதே குழப்பக்காரர் 'துணிச்சல்காரர்' ஆகிவிடுவார்.

டென்மார்க்கில் பொதுமக்களிடம் நடந்து 2016-ல் வெளியான ஆய்வு இதைத்தான் செய்து பார்த்தது. தாளின் அமைப்பை மாற்றியதும் அறிதிறனுக்கும் ஆபத்துப் பயத்துக்கும் உள்ள தொடர்பு ஒரு தாளில் ஒரு திசையிலும் மறு தாளில் எதிர்த்திசையிலும் வந்தது. அறிதிறன் தொட்டது தடுமாற்றத்தை. விருப்பத்தை அல்ல. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

சரி, அந்தப் பத்து வரித் தாளை ஊர்ல எப்படி நடத்துறது?

சார்லஸ் ஹோல்ட், சூசன் லாரி இருவரும் 2002-ல் தந்த அட்டவணையை ரூபாயில் பெருக்கிக்கொள்ளலாம். 'அ'வில் 200 அல்லது 160. 'ஆ'வில் 385 அல்லது 10. ஒரு துணிப்பையில் 10 சட்டைப் பொத்தான். முதல் வரிக்கு 1 சிவப்பு, 9 வெள்ளை; ஒவ்வொரு வரிக்கும் ஒரு வெள்ளையை எடுத்துச் சிவப்பைப் போடுங்கள். பத்தாவது வரியில் பத்தும் சிவப்பு. சிவப்பு வந்தால் பெரிய தொகை. புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம், விரலில் சொரசொரப்புத் தெரிந்துவிடும்.

வாயால் சதவீதம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் பொத்தான்களைத் தட்டில் பரப்பிக் காட்டிவிட்டுப் பைக்குள் போடுங்கள். பணமில்லாமல் மூன்று முறை குலுக்கிப் பழக்குங்கள். பத்து வரியும் முடிந்த பிறகு 1 முதல் 10 வரை எழுதிய சீட்டில் ஒன்றை எடுத்து, அந்த ஒரு வரிக்கு மட்டும் நிஜப் பணம் கொடுங்கள். எந்த வரி வரும் என்று தெரியாததால் ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்து டிக் அடிப்பார்கள். பாதிப் பேருக்குத் தாளைக் கீழிருந்து மேலாக அச்சிடுங்கள். அடிக்கடி கெடுவது இரண்டு இடத்தில்: பக்கத்து வீட்டார் சுற்றி நின்று 'அதப் போடு' என்பது, கேட்பவர் தன் குரலிலேயே எது சரி என்று காட்டிவிடுவது. வீட்டுத் திண்ணையைவிட நூலகம், குழுக் கட்டடம் மேல்.

ஒருத்தர் ஒரே தாள்ல மூணு தடவ மாத்தி மாத்தி டிக் அடிச்சிருக்காரு. புரியலைன்னு தூக்கிப் போட்டுடலாமா?

தூக்கிப் போட்டால் குழம்பியவர்களை மட்டும் கணக்கிலிருந்து நீக்கியதாகும், மிச்சம் இருப்பவர்கள் எல்லாரும் தெளிவானவர்களாகத் தெரிவார்கள். முதலில் பத்தாவது வரியைப் பாருங்கள். அங்கே 'அ' என்றால் நிச்சயம் 200, 'ஆ' என்றால் நிச்சயம் 385. அதில் 'அ'வைத் தொட்டவருக்கு விளையாட்டு போய்ச் சேரவில்லை. தவறு பெரும்பாலும் விளக்கியவருடையது. பத்தாவது சரியாக இருந்து 4, 5, 6 வரிகளில் மட்டும் ஊசலாடியிருந்தால் அவருக்கு அங்கே இரண்டும் ஒன்றுபோல இருந்திருக்கலாம். அதை முரண் என்று எழுதக் கூடாது. 'எதுவானாலும் சரி' என்று மூன்றாவது கட்டம் ஒன்று அச்சிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். மாற்றி டிக் அடித்த எண்ணிக்கையைத் தனி நிரலில் எழுதி வையுங்கள்.

மீன் கணக்கு மாதிரி எத்தனை கேள்வி கேட்டாப் போதும்?

இரண்டு மூன்று போதாது. விலைக்கோடுகள் (கையிருப்பு முழுவதற்கும் வாங்கக்கூடிய கூட்டுகளைக் காட்டும் கோடுகள்) ஒன்றையொன்று வெட்டாவிட்டால் யார் எதை எடுத்தாலும் முரணே வராது, எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு. விலை மாறாமல் கையிருப்பு மட்டும் 250, 300, 350 என்று ஏறும் தாள் இப்படித்தான் வீணாகும். நெதர்லாந்தில் 25 வைத்ததற்குக் காரணம் இதுவே. தாளை ஊருக்குக் கொண்டுபோகும் முன், கணினியில் கண்மூடித்தனமாகத் தேர்வு செய்யும் ஆயிரம் ஆட்களை உருவாக்கி ஓட்டிப் பாருங்கள். 1987-ல் பொருளியலாளர் ப்ரோனார்ஸ் சொன்ன வழி அது. அவர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டால் உங்கள் தாள் எதையும் அளக்கவில்லை.

0.8ன்னு வந்தா எவ்வளவு மோசம்?

முரணின்மையை அளக்கும் அஃப்ரியாட் அளவு 0 முதல் 1 வரை. 1 என்றால் முரணே இல்லை. முதல் பதிலில் மீன் வாங்கியவரின் அளவு சரியாக 0.8: 250 ரூபாய் செலவழித்த நாளில், மற்ற நாள் தானே உசத்தி என்று காட்டிய கூட்டை 200-க்கே வாங்கியிருக்கலாம், 200-ஐ 250-ஆல் வகுத்தால் 0.8. ஐந்தில் ஒரு பங்குப் பணம் அவருடைய சொந்த விருப்பப்படியே பார்த்தாலும் வீண் என்று படிக்க வேண்டும். ஒரே ஒரு பெரிய சறுக்கல் அளவை இறக்கிவிடும் என்பதால் எத்தனை சறுக்கல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

தடைக்காலத்துல கேட்டா ஒரு பதில், சீசன்ல கேட்டா வேற பதில். இது முரண்தானே?

இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். கையில் வரவு இல்லாத அந்த நாட்களில் இன்றைய 500 ரூபாய், அடுத்த மாத 700-ஐவிடப் பெரிது. நிலைமை மாறியதால் பதில் மாறியது. முரணைத் தேட வேண்டியது ஒரே நிலைமையில், ஒரே உட்காரலில் கிடைத்த பதில்களுக்குள்.

ஆனால் இன்னொன்றும் நடக்கலாம். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013-ல் வந்தது. அதே ஆட்கள், பணமுடையான அறுவடைக்கு முந்தைய காலத்தில், ரேவன் புதிரில் குறைவாக எடுத்தார்கள். புத்தி மாறவில்லை, கடன் கவலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது அவர்கள் விளக்கம். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில் அறிதிறனில் வேறுபாடு தெரியவில்லை, பணத்துக்கு அவசரப்படுவது மட்டும் சம்பளத்துக்கு முன் கூடியிருந்தது. எனவே ஒரு ஊரைத் தடைக்காலத்திலும் அடுத்த ஊரை ஆகஸ்டிலும் சோதித்துவிட்டு இரண்டு ஊர்களையும் ஒப்பிடுவது பெரிய தவறு. தடைக்காலத்தில் நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கு வரவு இருக்கும், விசைப்படகுத் தொழிலாளர் வீட்டில் இருக்காது என்பதால் ஒரே ஊருக்குள்ளும் இந்தக் கோளாறு நுழையும். தேதியோடு தொழில் வகையையும் பதியுங்கள்.

ராத்திரி பூரா கடல்ல கிடந்துட்டு வந்தவர்கிட்ட காலையிலேயே கேட்கலாமா?

வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் சோதித்த ஒரு ஆய்வில் (2017) முரண் கூடவில்லை, ஆனால் ஆபத்தான தேர்வுகள் கூடின. அதாவது தாள் ஒழுங்காகத் தெரியும், பதில் அவருடைய வழக்கமான பதிலாக இருக்காது. சென்னையில் குறைந்த வருமானக்காரர்களிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், இரவுத் தூக்கத்தை சுமார் அரை மணி நேரம் கூட்டியதில் பலன் தெரியவில்லை. பகலில் வேலையிடத்தில் போட்ட குட்டித் தூக்கம் கவனத்தையும் பொறுமையையும் கூட்டியது. மதியம் தூங்கி எழுந்த பின், நாலு மணிக்கு மேல் போங்கள்.

முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே விலை குறைச்சு மீனைக் கொடுக்கிறாங்களே, இது புத்தி இல்லாத முடிவுதானே?

கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்லாதீர்கள். உதாரணத்துக்கு, முன்பணம் 50,000. ஏல விலையைவிடக் கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்துக் கொடுக்க வேண்டும். நாளுக்கு 20 கிலோ, மாதம் 15 நாள் பாடு என்றால் 300 கிலோ, 3,000 ரூபாய். நூற்றுக்கு மாதம் 6 ரூபாய் வட்டி. கேட்டால் பதறும் வட்டிதான். ஆனால் வாடைக்காற்றில் 5 நாள்தான் கடலுக்குப் போக முடிந்தது என்றால் 100 கிலோ, 1,000 ரூபாய், 2 ரூபாய் வட்டி. போகவே முடியாத மாதம் சுழியம். வலை அறுந்தால் அதே வியாபாரி மறுபடியும் தருவார். மூன்று ரூபாய் வட்டிக்காரர் மீன் இல்லாத மாதமும் வாசலில் நிற்பார். கடன், விற்பனை, காப்பீடு மூன்றும் ஒரே கட்டில் இருப்பதைத்தான் அந்தக் குடும்பம் வாங்குகிறது.

நல்ல சீசன் முழுக்க 6 ரூபாய் கட்டிக்கொண்டு, 1 ரூபாய்க்குள் அடகு வைக்கக்கூடிய நகை பெட்டியில் இருந்தால் அப்போது கேட்கலாம். அங்கேயும் 'மகள் கல்யாணத்துக்கு, தொடக் கூடாது' என்று வைத்த கட்டுப்பாடாக இருக்கலாம். அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு செலவாகிறது என்று ரூபாயில் எழுதிக் காட்டுங்கள், தீர்மானத்தை அவர்களிடம் விடுங்கள்.

ஏலத்துல அவரை யாரும் ஏமாத்த முடியாது. சீட்டு எடுக்கிறதுல மட்டும் தடுமாறுறார். ஒரே ஆள் எப்படி ரெண்டு மாதிரி?

பழகிய களம் வேறு, பழகாத களம் வேறு. விளையாட்டு வீரர் படஅட்டை விற்கும் சந்தையில் 2003-ல் வெளியான ஆய்வில், கையில் இருப்பதை விடாமல் பிடித்துக்கொள்ளும் வழக்கமான பிழை அனுபவமுள்ள வியாபாரிகளிடம் மிகவும் குறைந்திருந்தது. ஏலத்தில் பிழை செய்தால் அன்றே தெரிகிறது. சீட்டில் தள்ளுபடி போக எடுத்த பணத்தின் உண்மை வட்டி, கடைசித் தவணை கட்டும் வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

பயிற்சி கொடுத்தா முரண் குறையுமா?

படிப்பு குறைக்கிறது. மலாவியில் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்குக் குலுக்கல் முறையில் படிப்பு உதவி கொடுத்து, நான்கு ஆண்டு கழித்துச் சோதித்ததில் முரணின்மை கூடியிருந்தது (2018-ல் வெளியானது). வயதும் சேர்ந்து வேலை செய்கிறது: 7 வயதில் நிறைய முரண், 11 வயதில் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறார்கள் என்றது 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வு.

மகளிர் குழுவில் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: எல்லாக் கடனையும் 'நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய்' என்ற ஒரே அளவுக்கு மாற்றி, ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தண்டல்காரர் 10,000-க்கு 9,000 கொடுத்து நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்கினால் அது மாதத்துக்கு எவ்வளவு என்று மனதில் ஒப்பிடுவது யாருக்கும் கடினம். நிலுவை நாளுக்கு நாள் குறைவதால் சராசரியாகக் கையில் இருப்பது சுமார் 4,500 மட்டுமே. 100 நாளுக்கு 1,000 வட்டி என்றால் மாதம் 6 ரூபாய் வட்டிக்கு மேல். முன்பணத்தின் 6 ரூபாய்க்குப் பக்கத்தில் இதை எழுதினால் பேச்சே மாறும்.

எல்லாப் பதிலும் ஒழுங்கா இருக்கு, அளவு 1. அப்ப அவர் முடிவெல்லாம் சரிதானே?

அவசியமில்லை. எல்லாத் தாளிலும் இடப்பக்கத்தையே தொட்டவருக்கும் சில அமைப்புகளில் 1 வரும். பணத்தைப் பிரிக்கும் தாளில், விலை கூடியிருக்கும்போதும் எப்போதும் ஒரே கணக்கிலேயே பணத்தைப் போட்டு, குலுக்கலில் இரண்டு கணக்குக்கும் சம வாய்ப்பு இருந்தும் குறைவாகப் பெறுபவர் தனக்குள் முரணில்லாமலேயே தோற்கலாம். அதனால் அளவோடு சேர்த்து, எந்த வகையிலும் மட்டமான தேர்வை எத்தனை முறை எடுத்தார் என்றும் எண்ணுங்கள். பத்தாவது வரி செய்யும் வேலை இதுதான்.

வீட்டுல புருஷன் பொண்டாட்டி சேர்ந்து முடிவெடுக்கிறாங்க. யாரை அளக்கிறது?

இருவரையும் தனித்தனியாக, பிறகு சேர்த்து. கணவருக்கு ஒரு வரிசை, மனைவிக்கு வேறு வரிசை, இரண்டும் தனியே முரணற்றவை. மீன் காசு வந்த வாரம் அவர் பேச்சு, பாசிக் காசு வந்த வாரம் இவர் பேச்சு நடந்தால் வீட்டுச் செலவு நோட்டில் முரண் தெரியும். அது யாருடைய அறிதிறன் குறையும் இல்லை. மூன்று தாள் எடுத்துப் போங்கள். தனித் தாள்களை ஒரே நேரத்தில் வேறு வேறு அறையில் நிரப்பச் சொல்லுங்கள், கூட்டுத் தாளைக் கடைசியில் கொடுங்கள். அந்த வாரம் யாருடைய காசு வீட்டுக்கு வந்தது என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள்.